திருக்கணிதத்தில் 'திரு' எங்கிருந்து வந்தது?

புளியரை | 30 மார்ச் 2025

நேற்று சனிப்பெயர்ச்சி என்கிறது ஒரு பஞ்சாங்கம். இல்லை, 2026 மார்ச் 6-இல்தான் என்கிறது வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு சனி கோயில். எங்கள் பக்கம் பல வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கமும் இருக்கும், மலையாளக் கலண்டரும் ஆணியில் தொங்கும். இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம். என் கட்சி இது: வாக்கியம் என்றால் ரிஷிகளின் வாக்கு. திருக்கணிதம் என்றால் தெய்வீகமான கணிதம். இரண்டுமே சாமி சமாச்சாரம், அதனால் எதையும் குறை சொல்ல முடியாது. இன்னொன்றும் படித்தேன்: ஆங்கிலக்காரன் சொல்லும் 'அவர்' நம்ம 'ஓரை'யிலிருந்து போனதாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாழிகைவட்டில் | 30 மார்ச் 2025

மூன்றும் தப்பு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

திருக்கணிதத்தில் 'திரு' கிடையாது. 'திருக்' + கணிதம். வடமொழியில் 'த்ருக்' என்றால் பார்வை, கண். கணக்குப் போட்டுக் கிடைத்த இடத்தில் கிரகம் வானத்தில் கண்ணுக்குத் தெரிகிறதா என்று சரிபார்த்து, தெரியாவிட்டால் எண்ணைத் திருத்திக்கொள்ளும் முறை. தெய்வீகத்துக்கு நேர் எதிர்ச் சரக்கு. இந்தப் பெயரை நிலைநாட்டியவர் கேரளத்து வடசேரி பரமேசுவரன். பாரதப்புழைக் கரையில் இருந்துகொண்டு ஐம்பத்தைந்து ஆண்டு கிரகணங்களைப் பார்த்து, பழைய 'பரஹிதம்' முறையில் விழுந்த பிசகைத் திருத்தி, 1431-இல் 'த்ருக்கணிதம்' எழுதினார். பரஹிதம் 683-இல் ஹரிதத்தர் வகுத்தது. எழுநூற்றைம்பது வருடத்தில் எந்தக் கணக்கும் வானத்தை விட்டு விலகத்தான் செய்யும்.

வாக்கியம் நாளை.

தோவாளை | 30 மார்ச் 2025

அப்போ கல்யாணப் பத்திரிகையில் 'திருக்கணித முறைப்படி' என்று போட்டு, 'திரு'வுக்கு மேலே ஒரு பிள்ளையார் சுழியும் போடுகிறார்களே, அதெல்லாம் கண்ணாடிக் கடை விளம்பரமா!

நாழிகைவட்டில் | 31 மார்ச் 2025

வாக்கியம் என்றால் வாக்கியம்தான், சாதாரணமான ஒரு வரி. சந்திரனுக்கு மட்டும் 248 வரிகள். நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு வரியிலும் அன்றைய சந்திரன் நின்ற பாகையும் (டிகிரி) கலையும் (பாகையில் அறுபதில் ஒன்று) எழுத்தாக ஒளிந்திருக்கும். 248 ஏன் என்றால், சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து போய் மறுபடி அருகே வர ஏறக்குறைய 27.55 நாள். ஒன்பது சுற்று கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். அதற்குப் பிறகு அதே ஓட்டம் திரும்ப வரும். எனவே 248-ஐ மனப்பாடம் செய்தவனுக்குக் கூட்டலும் கழித்தலும் போதும்.

எழுத்தை எண்ணாக்குவது கடபயாதி. க, ட, ப, ய நான்கும் 1. அங்கிருந்து வரிசையாக எண்ணணும். தனி உயிர் 0. கூட்டெழுத்தில் கடைசி மெய் மட்டும் கணக்கு. உயிர் ஏறாத மெய்யை விட்டுவிடு. கடைசியில் வலமிருந்து இடமாகப் படி.

இரண்டாம் நாள் வரி 'தேனவ: ஸ்ரீ:', பசுக்களே செல்வம் என்று பொருள். தே (நாலாவது த) 9, ன 0, வ 4, ஸ்ரீ-யில் கடைசி மெய் ர, அது 2. கிடைத்தது 9042. திருப்பினால் 2409. சந்திரன் 24 பாகை 9 கலை. முதல் நாள் வரி 'கீர்ன: ச்ரேய:' 12 பாகை 3 கலை. நாளுக்குச் சுமார் 12 பாகை ஓடுகிறது என்றால், சந்திரன் அப்போது மெதுவாகப் போகும் பக்கத்தில் இருக்கிறது. கடைசி, 248-ஆவது வரி 'பவேத் சுகம்', சுகம் உண்டாகட்டும். ப 4, வே 4, சு 7, கம் 2. அதாவது 27 பாகை 44 கலை. ரிஷி வாக்கு என்று நினைத்து யாராவது இதைப் பாராயணம் செய்தால் தப்பில்லை, பலன் பாகையில் கிடைக்கும்.

பாறசாலை | 31 மார்ச் 2025

ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. மேலே 'நாலாவது த' என்று நீங்களே அடைப்புக்குறி போட வேண்டி வந்ததே, அதுதான் தமிழ் எழுத்தில் இந்த முறையின் கண்டம். தமிழில் த ஒன்றுதான். கடபயாதியில் அது 6, 7, 8, 9 எதுவாகவும் இருக்கலாம். க 1, 2, 3, 4. ப-வும் அதே கதை. வரியின் முதல் எழுத்தில் இந்தக் குழப்பம் வந்தால் சில கலைதான் போகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். நாலாவது எழுத்தில் வந்தால் பத்துப் பத்துப் பாகையாகத் தள்ளும். பத்துப் பாகை என்பது சந்திரனுக்கு முக்கால் நாள் ஓட்டம், திதியே மாறிவிடும். அதனால்தான் தமிழ்நாட்டிலும் இந்த வரிகளை வடமொழிக்கான கிரந்த எழுத்தில் எழுதினார்கள். மலையாளத்தில் எழுத்து எல்லாம் தனித்தனியாக இருப்பதால் அந்தச் சிக்கலே இல்லை.

நாழிகைவட்டில் | 1 ஏப்ரல் 2025

சரியாகச் சொன்னீர்கள் அண்ணாச்சி. கூடவே ஒன்று: வாக்கிய முறை தப்பு, திருக் சரி என்று மட்டும் முடித்துவிடக் கூடாது. எங்கே தப்பும் என்பது தெரிய வேண்டும்.

வாக்கியத்தில் சந்திரனுக்கு ஒரே ஒரு பெரிய திருத்தம்தான், சுமார் 5 பாகை அளவு. அமாவாசை, பௌர்ணமி இரண்டிலும் அது வானத்தோடு நன்றாகவே பொருந்தும். முன்னோர்கள் அளந்து பார்த்தது கிரகணங்களை, கிரகணம் வருவது இந்த இரண்டு நாளில்தானே. ஆனால் சூரியனின் இழுப்பால் வரும் இரண்டாவது திருத்தம் அரைச் சந்திரன் நாளில், அதாவது அஷ்டமியை ஒட்டி, உச்சத்துக்குப் போகும். அது வாக்கியத்தில் இல்லை. அந்த நாட்களில் சந்திரன் இரண்டரைப் பாகை வரை தள்ளி நிற்கலாம். திதி முடியும் நேரத்தில் நாலைந்து மணி. ஆகவே பௌர்ணமி இரண்டு பஞ்சாங்கத்திலும் அநேகமாக ஒத்துவரும், கோகுலாஷ்டமியும் ஏகாதசியும் சண்டை போடும்.

இதை ஒரே பழமொழியில் அடைத்து வைத்திருக்கிறார்கள்: 'பாண விருத்தி, ரச க்ஷயம்'. மன்மதன் பாணம் ஐந்து, சுவை ஆறு. ஒரு திதி 60 நாழிகைக்கு (ஒரு நாழிகை 24 நிமிடம்) மேல் அதிகமாக 5 வளரும், குறைவாக 6 தேயும், அதாவது 54 முதல் 65 வரை. இது வாக்கியத்தின் எல்லை. வானத்தில் உண்மையில் திதி கிட்டத்தட்ட 50 நாழிகை வரை சுருங்கும், 67 வரை நீளும். திருக்காரர்கள் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள், 'சப்த விருத்தி, தச க்ஷயம்'. ஏழு வளரும், பத்துத் தேயும். கையில் இருக்கும் பஞ்சாங்கம் எது என்று அட்டையைப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம். எங்காவது 52 நாழிகைத் திதி அகப்பட்டால் அது வாக்கியம் இல்லை.

புளியரை | 1 ஏப்ரல் 2025

சனிக்கும் இதே கதையா?

நாழிகைவட்டில் | 1 ஏப்ரல் 2025

சனி மெதுவாக நகரும் கிரகம், அதனால் சின்னப் பிசகும் நாள் கணக்கில் பெரிதாகத் தெரியும். கும்பத்துக்கு வந்ததைத் திருக் 2023 ஜனவரி 17 என்றது, திருநள்ளாறு 2023 டிசம்பர் 20-இல் கொண்டாடியது. ராசி எல்லையைத் தாண்டிய பின் சனி வக்கிரமாகித் திரும்பி, மறுபடி நேராக நடந்தது. பிசகு பதினொரு மாதமாக நீண்டதில் அதற்கும் பங்கு உண்டு. இந்த முறையும் அதே அளவு இடைவெளிதான்.

மேக்கரை | 3 ஏப்ரல் 2025

ஓரைக்கு யாரும் வரவில்லை. நான் வருகிறேன்.

கிரேக்கத்தில் 'ஹோரா'. அங்கிருந்து லத்தீன் வழியாக ஆங்கில 'அவர்'. அதே கிரேக்கச் சொல் ஜோதிடத்தோடு வடமொழிக்கு வந்து 'ஹோரா', தமிழில் 'ஓரை'. இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒருவருக்கு ஒருவர் அப்பா இல்லை. ஆறாம் நூற்றாண்டு ஜோதிடர் வராகமிகிரரே தம் பிருகத் ஜாதகத்தில், 'அஹோராத்ரம்' (பகலும் இரவும்) என்ற சொல்லில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் உதிர்ந்து 'ஹோரா' ஆனது என்று சிலர் சொல்வதாக எழுதிவைத்திருக்கிறார். அதுதான் இன்றுவரை ஓடுகிறது. ஆனால் அதே நூலில் ராசிகளுக்கு அவர் தரும் மாற்றுப் பெயர்களைப் பாருங்கள்: கிரிய, தாவுரி, ஜிதும, லேய, பாதோன, ஜூக... கிரேக்கத்தில் கிரியோஸ், தாவ்ரோஸ், திதிமோய், லேயோன், பார்த்தேனோஸ், சிகோன். சாட்சி வேண்டுமா?

கேந்திரம் கிரேக்க 'கென்ட்ரோன்'. ஏழாமிடத்துக்குச் சொல்லும் 'ஜாமித்ரம்' அவர்களின் 'தியாமெத்ரோன்', நேர் எதிர். 'திரேக்காணம்' என்பது பத்துப் பாகைத் துண்டு, 'தெகனோஸ்'. கலைக்குச் சொல்லும் 'லிப்தை' கூட 'லெப்தோன்'. ஆனால் திதி, நட்சத்திரம், யோகம், கரணம் அப்படி வந்தவை அல்ல. சந்திரன் கணக்கு உள்ளூர், ராசிக் கட்டம் கப்பல் ஏறி வந்தது.

தோவாளை | 3 ஏப்ரல் 2025

தொல்காப்பியத்திலேயே 'ஓரையும் நாளும் துறந்த ஒழுக்கம்' வருதே அக்கா. அது கிரேக்கமா?

மேக்கரை | 4 ஏப்ரல் 2025

கேட்பீர்கள் என்று தெரியும். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் தமிழறிஞர் வையாபுரிப்பிள்ளை தொல்காப்பியத்தின் காலத்தைக் கீழே இறக்கினார். எதிர்த்தரப்பு, ஓரை தமிழ்ச்சொல்லே என்றது. சங்கப் பாட்டில் ஓரை என்றால் பெண்பிள்ளைகள் ஆடும் விளையாட்டு, 'ஓரை ஆயம்' என்று குறுந்தொகையிலேயே உண்டு. என் பார்வையில் இவை ஒலியில் ஒன்றான இரண்டு சொற்கள். களவில் ஒழுகும் தலைவன் நாளோடு சேர்த்து விடாமல் பார்க்க வேண்டியது முகூர்த்தம்தானே தவிர, பாண்டி ஆட்டம் இல்லை. புளியோரையை இந்த வழக்கில் இழுக்காதீர்கள், அது சாப்பிட மட்டும்.

நாழிகைவட்டில் | 5 ஏப்ரல் 2025

ஓரையில் இன்னும் கொஞ்சம் சாறு இருக்கிறது. கிழமை வரிசை ஏன் ஞாயிறுக்குப் பின் திங்கள், அதற்குப் பின் செவ்வாய்? வானத்தில் அப்படி வரிசை எதுவும் கிடையாது. சுற்றிவர எடுக்கும் காலப்படி பெரிதிலிருந்து சிறிது: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன். ஓரைகளை இந்த வரிசையில் சுற்றிச் சுற்றி ஓட்டு. ஞாயிறு உதயத்தில் சூரிய ஓரை. 24 ஓரை முடிய ஏழேழாக மூன்று சுற்றுப் போக, மிச்சம் மூன்று: சூரியன், சுக்கிரன், புதன். இருபத்தைந்தாவது சந்திரன், அது மறுநாள் உதயம். எனவே திங்கள். இப்படியே தாவிக்கொண்டே போனால் ஏழு கிழமையும் வந்துவிடும். கிழமைப் பெயரின் அஸ்திவாரமே ஓரைதான்.

புளியரை | 6 ஏப்ரல் 2025

அப்போ ராகுகாலம், எமகண்டம்?

நாழிகைவட்டில் | 6 ஏப்ரல் 2025

ராகுகாலம் பகலை எட்டாகப் பங்கிடுவது, ஓரையோடு சம்பந்தமில்லை. 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்ற வரிதான் எல்லாருக்கும் தெரியுமே, சொற்களின் முதல் எழுத்தே கிழமை: திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30. இது 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு அடையும் ஊருக்கான கணக்கு.

அப்படி ஓர் ஊர் நம்ம பக்கம் இல்லை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கு. நாகர்கோவில் 77.4. வித்தியாசத்தை 4-ஆல் பெருக்கினால் 20 நிமிடம், சூரியன் அவ்வளவு தாமதமாகத்தான் நம் தலைக்கு மேல் வரும். சென்னைக்கு 9 நிமிடம்தான். பிப்ரவரி முதல் வாரத்தில் நாகர்கோவிலில் உதயம் சுமார் 6.40, அஸ்தமனம் 6.28. பகல் 708 நிமிடம், எட்டில் ஒன்று 88½. வெள்ளிக்கிழமை ராகுகாலம் நாலாவது பங்கு, 11.05-க்குத் தொடங்கி 12.34-க்கு முடியும். கலண்டரைப் பார்த்து 12.05-க்குப் பெண் பார்க்கக் கிளம்புகிறவன் ராகுகாலத்தின் நட்டநடுவில்தான் படி இறங்குகிறான். நம்பிக்கை இருந்தால் உதயத்திலிருந்து எண்ணு, இல்லாவிட்டால் கலண்டரையும் பார்க்காதே. இரண்டுங்கெட்டானாகப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

பாறசாலை | 12 ஏப்ரல் 2025

நாளைக் கழித்து விஷு, சித்திரைப் பிறப்பை ஒட்டிய மலையாளத் திருநாள். விஷுவம் என்றால் பகலும் இரவும் சமமாகும் நாள். ஆனால் அது மார்ச் 20, 21-லேயே போய்விட்டது. நாம் 24 நாள் கழித்துத்தான், விடியலில் முதலில் பார்க்க வேண்டிய கணியை வைக்கிறோம். பூமியின் அச்சு 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் பின்னால் தள்ளிக்கொண்டே வருகிறது, ஆனால் நாம் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மேடத்தை (மேஷ ராசியை) எண்ணுகிறோம். பெயர் மட்டும் பழைய இடத்தைச் சொல்கிறது. மகர சங்கிராந்தியை உத்தராயணத் தொடக்கம் என்பதும் இதே வகைதான், சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-இல்.

மேக்கரை | 12 ஏப்ரல் 2025

குற்றாலத்தில் சித்திரை விசுவும் உண்டு, ஐப்பசி விசுவும் உண்டு. வருடத்தில் சமநாள் இரண்டு என்பதைக் கேரளத்தில் பெரும்பாலும் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். கோயில் திருவிழாக் கணக்கில் இரண்டும் பத்திரமாக இருக்கிறது.

புளியரை | 13 ஏப்ரல் 2025

சில வருடம் நமக்கு ஏப்ரல் 14 வருசப்பிறப்பு, கோட்டைவாசலுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 15 விஷு. சூரியன் ஒன்றுதானே!

நாழிகைவட்டில் | 13 ஏப்ரல் 2025

சூரியன் மேடத்தில் நுழையும் நொடி ஒன்றுதான், மாதம் தொடங்கும் விதி வேறு. தமிழ் வழக்கில் அஸ்தமனத்துக்கு முன் நுழைந்தால் அன்றே மாதம் 1, பின்னால் என்றால் மறுநாள். மலையாள வழக்கில் எல்லை அஸ்தமனம் இல்லை. பகலில் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது உதயத்திலிருந்து சுமார் 18 நாழிகை, மதியம் ஒன்றேகால் ஒன்றரை மணி. அதற்கு மேல் நுழைந்தால் மறுநாள்தான் 1. அதோடு விஷுக்கணி விடியலில் பார்ப்பது. விடியும்போது சூரியன் ஏற்கெனவே மேடத்தில் இருக்க வேண்டும்.

வருடத்துக்கு 365 நாளுக்கு மேல் சுமார் 6 மணி 9 நிமிடம். எனவே நுழைவு ஆண்டுதோறும் கால் நாள் தள்ளும், நாலு வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரி 29 அதைப் பின்னுக்கு இழுக்கும். 2022-இல் ஏப்ரல் 14 காலை, 2023-இல் அதே தேதி பிற்பகல். இரண்டு வருடமும் தமிழுக்கு 14, விஷு 15. 2024-இல் 13-ஆம் தேதி இரவு, இந்த வருடம் 14 அதிகாலை. இரண்டிலும் எல்லாருக்கும் 14. 2026-இல் மறுபடி காலையில் வருகிறது, அப்போது பிரியும். பலாப்பழம் இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கி வையுங்கள்.

தோவாளை | 20 ஏப்ரல் 2025

ஒரு நடைமுறைச் சந்தேகம். பழைய ஆதாரம் (சொத்துப் பத்திரம்) ஒன்றில் 'கொல்லம் 1099 கர்க்கடகம்' என்று மலையாள ஆண்டும் மாதமும் இருக்கிறது. 1956-க்கு முன்னால் நம்ம தாலுகா திருவிதாங்கூரில் இருந்தது தெரியும். ஆங்கில வருடம் எப்படிக் கண்டுபிடிப்பது?

பாறசாலை | 20 ஏப்ரல் 2025

ஜனவரி முதல் கர்க்கடகம் முடிய 825 கூட்டு. சிங்ஙம் பிறந்ததிலிருந்து டிசம்பர் வரை 824. எல்லாரும் தப்பு விடுவது இங்கேதான், வருடம் முழுக்க 825 கூட்டிவிடுவார்கள். உங்களுடையது 1099 + 825 = 1924, ஜூலை நடு முதல் ஆகஸ்ட் நடு வரை. சரிபார்க்க ஒரு வழி: பெரியவர்கள் '99-லே வெள்ளம்' என்பது இதே கர்க்கடகத்து வெள்ளம்தான். வடக்கே மலபார் ஆவணம் என்றால் கவனம், அங்கே வருடம் சிங்ஙத்தில் அல்ல, கன்னியில் மாறும். அந்த ஒரு மாதத்து ஆவணம் முழுசாக ஒரு வருடம் தள்ளிப்போகும்.

புளியரை | 21 ஏப்ரல் 2025

நமக்கு ஆவணி, அவர்களுக்குச் சிங்ஙம். அதே மாதத்துக்கு ஏன் இரண்டு பெயர்?

மேக்கரை | 21 ஏப்ரல் 2025

மலையாளப் பெயர் சூரியன் நிற்கும் ராசி: சிம்மம் சிங்ஙமாச்சு, ரிஷபம் இடவம், மேஷம் மேடம். தமிழ்ப் பெயர் பௌர்ணமிச் சந்திரன் நிற்கும் நட்சத்திரம்: சித்திரை, விசாகத்தால் வைகாசி, சிராவணத்தால் ஆவணி, மகத்தால் மாசி, பூசத்துக்குப் பழைய பெயர் திஷ்யம், அதனால் தை. நாம் மாதத்தை எண்ணுவது சூரியனை வைத்து, பெயர் மட்டும் சந்திரனுடையது.

நாழிகைவட்டில் | 9 மே 2025

'கிரகம்' மீது தனியாக ஒருவர் கேட்டிருந்தார். பற்றிக்கொள்வது என்ற வினையிலிருந்து வந்தது. கிரகணமும் அதே வேர்தான், பிடிபடுதல். தமிழில் கொள் என்பதிலிருந்து கோள், அதுவும் பற்றுவதுதான். கிரேக்கன் அதையே அலைவது என்று பெயர் வைத்தான். அவன் நகர்வைப் பார்த்தான், நாம் பிடியைப் பார்த்தோம். பேய் பிடிப்பதற்கும் 'கிரகம்' என்று வைத்திய நூல்களில் வருவது இதனால்தான்.

நாழிகையும் கடிகையும் கருவிப் பெயர்கள். நாழி குழல், கடி குடம். அடியில் ஊசித்துளை போட்ட செம்புக் கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டால் மூழ்கும் நேரம் ஒரு நாழிகை, 24 நிமிடம். துளையில் பாசி அடைத்தால் நாழிகை நீளும், துளை தேய்ந்து பெருத்தால் சுருங்கும். அன்றைக்கு 60 முறை மூழ்கியதா என்று உதயத்தோடு ஒத்துப் பார்த்தால்தான் கிண்ணத்தின் யோக்கியதை தெரியும்.

தோவாளை | 19 ஜூன் 2025

திருவாதிரை ஞாற்றுவேலை எப்போது? நல்லமிளகுக் (குறுமிளகு) கொடி வைக்கணும்.

பாறசாலை | 19 ஜூன் 2025

22 முதல் ஜூலை 5 வரை. ஞாயிறு + வேலை, வேலை என்றால் பொழுது. சூரியன் ஒரு நட்சத்திரத்தில் தங்கும் காலம், வருடத்துக்கு 27. ஜூனில் 14 நாள், ஜனவரியில் சூரியன் வேகமாக நகர்வதால் 13. திருவாதிரையில் மழை விடாமல் பெய்யும், வெட்டிய கொடி வாடாது. பறங்கியர் (போர்ச்சுகீசியர்) மிளகுக் கொடியைக் கேட்டபோது கோழிக்கோட்டு மன்னன் சாமூதிரி, கொடியைக் கொண்டுபோகலாம், திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே என்றானாம். கதைதான், ஆனால் விவசாயம் சரி.

நட்சத்திரத்தைக் கொண்டாடிக்கொண்டு மண்ணை மறக்காதீர்கள். தாங்குமரத்தின் வடக்குப் பக்கமாகக் குழி, மூன்று கணு உள்ள துண்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள். குழியில் தண்ணீர் நின்றால் திருவாதிரை ஆனாலும் அழுகும்.

தோவாளை | 19 ஜூன் 2025

கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல்லுக்குச் சொல்வதும் இதே மாதப் பெயர்தானே?

பாறசாலை | 20 ஜூன் 2025

ஆமா, அறுவடை மாதம். கன்னியில் அறுப்பது கன்னிப்பூ, கும்பத்தில் அறுப்பது கும்பப்பூ. விதைக்கிற மாதம் என்று நினைத்து விதை கேட்டுப் போனால் கடைக்காரர் சிரிப்பார்.